சாரல், சீசன், சபரிமலைக் கூட்டம்: எல்லையோர நகராட்சிகளில் பணியாளர் விபத்தைத் தடுக்க முழுமையான வழிகாட்டி

செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி என்று மலையடிவாரத்தில் வரிசையாக இருக்கும் நகராட்சிகளுக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்றும் சாரலும்; அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. முதல் மழையோடு குற்றால சீசன் கூட்டம் வரும். இரண்டாவது மழை விடும் முன்பே கேரள எல்லையில் உள்ள புளியரை வழியாக ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வரத் தொடங்கிவிடும். வழுக்கும் தரை, நனைந்த மின்கம்பம், இருட்டில் வேகமாக வரும் வண்டி, அளவுக்கு மீறிய குப்பை எல்லாம் இங்கே ஒரே நேரத்தில் சேர்கின்றன. சமவெளி ஊருக்கு எழுதிய சுற்றறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் மட்டும் இந்த ஊர்களில் விபத்து குறையாது.

வழக்கமாக நடப்பது என்ன? கையுறை, கம்பூட், ஒளிரும் மேல்சட்டை வாங்கிக் கையெழுத்துப் பெற்றுக் கொடுப்பார்கள். மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாளன்று உறுதிமொழி, ஒரு போட்டோ. அதோடு சரி. கையுறை பரணுக்குப் போய்விடும். உண்மையில் விபத்து நடக்குமா நடக்காதா என்பது காலை ஐந்தரை மணி மஸ்டரில், அதாவது பணியாளர்கள் கூடி வருகை பதியும் இடத்தில், முடிவாகிறது: “இந்த வேலை இன்னைக்கு வேண்டாம், இப்படிச் செய்ய வேண்டாம்” என்று சொல்லும் அதிகாரம் மேஸ்திரிக்கும் பணியாளருக்கும் இருக்கிறதா என்பதில். அந்த அதிகாரத்தை எப்படிக் கொடுப்பது, எந்தெந்த வேலையில் எப்போது பயன்படுத்துவது என்பதுதான் கீழே வருவது.

முதல் வேலை: பழைய காயங்களைத் தேடுங்கள்

மூன்று ஆண்டுக் கணக்கு போதும். விபத்துப் பதிவேடு ஒன்று இருந்தாலும் அதில் பாதி வெறுமையாக இருக்கும். அதை மட்டும் நம்பாதீர்கள். விடுப்பு விண்ணப்பங்கள், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருந்தக ரசீதுகள், வண்டிப் பழுதுப் பதிவேடு ஆகியவற்றைப் புரட்டுங்கள். பிறகு வார்டு வார்டாகப் பணியாளர்களிடமே கேளுங்கள். கிடைத்த ஒவ்வொன்றுக்கும் ஆறு கட்டம்: தேதி, நேரம், இடம், செய்த வேலை, பட்ட காயம், அன்றைய வானிலை. ஊர் வரைபடத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளி வையுங்கள். ஒரே கல்வெர்ட்டு, ஒரே மதுக்கடைச் சந்து, சந்தை முடிந்த மறுநாள் காலை என்று புள்ளிகள் கூடும் இடங்கள் தாமாகத் தெரியும்.

காரணம் என்ற கட்டத்தில் “கவனக்குறைவு” என்று எழுதத் தடை போடுங்கள். அந்தச் சொல்லை எழுதியதும் விசாரணை முடிந்துவிடுகிறது. கால் வழுக்கியது என்றால் ஏன்? ஓடைச் சுவரில் பாசி. ஏன் சுவர்மேல் நின்றார்? மண்வெட்டிப் பிடி எட்டவில்லை. ஏன் எட்டவில்லை? நீளப்பிடி கேட்டது இன்னும் வாங்கப்படவில்லை. இப்போது செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டது: ஆறடிப் பிடி.

எதை முதலில் மாற்றுவது என்பதிலும் ஒரு வரிசை உண்டு. அந்த ஆபத்தான வேலையே இல்லாமல் ஆக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் இயந்திரம். அதுவும் இல்லையென்றால் தடுப்பு, மூடி, பூட்டு. அடுத்து வேலை செய்யும் முறை, நேரம். கையுறையும் கம்பூட்டும் கடைசி. நம் அலுவலகங்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கின்றன. வாங்கிக் கொடுத்ததற்கு ரசீது இருக்கும், முறையை மாற்றியதற்கு ரசீது கிடையாது, அதனால்தான்.

மஸ்டரில் ஐந்து நிமிடம்

வருகைப் பதிவு முடிந்ததும், வண்டி கிளம்பும் முன், நின்றபடியே பேசி முடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே விஷயம். மேஸ்திரி பேசுவதைவிடக் கேட்பது முக்கியம்:

“எக்கா, நேத்து எங்க கண்ணாடி கெடந்துச்சு?”

“சந்தைக்குப் பின்னால அண்ணாச்சி. பாட்டில ஒடச்சு சாக்குக்குள்ள போட்டுருக்கானுவ. தூக்கும்போது தொடையில உரசிட்டு.”

“அப்ப இன்னைக்கு அந்தச் சாக்க யாரும் தூக்க வேண்டாம். டிரம் வச்சு, முள்ளுக்கரண்டியால எடுத்துப் போடுங்க. மத்தத நான் இன்ஸ்பெக்டர்ட்ட சொல்லுதேன்.”

இவ்வளவுதான். அந்தப் பேச்சை மேஸ்திரி ஒரு நோட்டில் இரண்டு வரியாக எழுத வேண்டும். சுகாதார ஆய்வாளர் வாரம் ஒருமுறை பார்த்து, என்ன செய்தார் என்று எதிரில் எழுத வேண்டும். எதிர்ப்பக்கம் மூன்று வாரம் காலியாக இருந்தால் பணியாளர்கள் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். நூலிழையில் தப்பிய சம்பவங்களைச் சொன்னவருக்கு மெமோ கொடுத்தாலும் அதே கதைதான்.

மாதத்துக்கு ஏற்பப் பேச்சு மாற வேண்டும். மே கடைசியில் வழுக்கல், எலிக்காய்ச்சல். ஆடியில் ஏணி, மரக்கிளை. கார்த்திகையிலும் மார்கழியிலும் சாலை, இருட்டு. மாசிக்குப் பிறகு வெயில், குப்பைக்கிடங்குத் தீ.

குப்பை எடுக்கும்போது

கூர்மையான பொருள்தான் அடிக்கடி வரும் காயம். பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றுவதும், உடம்போடு அணைத்துத் தூக்குவதும் பழக்கமாகவே ஊறிப்போனவை. இரண்டையும் நிறுத்த வேண்டும். பையின் கழுத்தைப் பிடித்து, உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளித் தூக்க வேண்டும். ஒவ்வொரு பேட்டரி வண்டியிலும் கண்ணாடி, பிளேடு, ஊசிக்கு மூடியுள்ள தனி டப்பா ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

எல்லையோர ஊர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் கொட்டப்பட்டதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரள அரசே லாரிகளில் திரும்ப அள்ளிச் சென்றதும் தெரிந்த செய்தி. ரத்தம் பட்ட பஞ்சு, ஊசி, குளுக்கோஸ் குழாய், மஞ்சள் அல்லது சிவப்புப் பை தென்பட்டால் பணியாளர் தொடவே கூடாது. படம் எடுத்து, இரு பக்கமும் கயிறு கட்டி, ஆய்வாளருக்குச் சொல்ல வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் காவல் துறைக்கும் தெரிவிப்பது அலுவலகத்தின் வேலை. “நாறுது, சீக்கிரம் எடுங்க” என்று கவுன்சிலரே நின்று சொன்னாலும் இந்த விதி மாறாது. மேஸ்திரிக்கு இதற்கான எழுத்து உத்தரவு ஆணையர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்மொழி உத்தரவை நம்பி ஒரு மேஸ்திரி கவுன்சிலரிடம் மறுத்துப் பேச மாட்டார்.

ஊசி குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்கக் கூடாது, வாய் வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பலன் இல்லை. “வேலைய முடிச்சிட்டுப் போறேன்” என்பதை அனுமதிக்காதீர்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். ஒப்பந்தப் பணியாளர் நடுவில் மாறிவிடுவதால் மூன்றாவது ஊசி விட்டுப்போவதுதான் வழக்கமான ஓட்டை. ஊசி அட்டையை ஒப்பந்ததாரரிடம் விடாமல் பணியாளர் கையிலேயே கொடுங்கள்.

நாய்க்கடியும் இந்த வேலையில் சாதாரணம். பல் பட்ட இடத்தை 15 நிமிடம் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசி போட வேண்டும்.

டிப்பர் வண்டியில் மூன்று விதி போதும். பின்படியில் யாரும் தொற்றிக்கொண்டு வரக் கூடாது. பின்னோக்கி எடுக்கும்போது ஓட்டுநருக்குத் தெரியும்படி ஒருவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், நேர்பின்னால் அல்ல. தூக்கிய பெட்டிக்கு அடியில் தலையை நீட்டும் முன் இரும்பு முட்டு கொடுக்க வேண்டும். ஹைட்ராலிக் குழாய் வெடித்தால் பெட்டி கீழே வர ஒரு நொடிகூட ஆகாது.

ஓடை, கழிவுநீர்த் தொட்டி

2013 ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் சாக்கடைக் குழிக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைக் குற்றமாக்குகிறது. முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறப்புக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. நடைமுறை விதி இதைவிடச் சுருக்கமானது: ஆள் இறங்குவதில்லை. உறிஞ்சு லாரி, ஜெட் இயந்திரம்தான். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் ஆபத்து தனியார் வீட்டுத் தொட்டிகளிலும் லாட்ஜ்களிலும் இருக்கிறது. சீசன் தொடங்கும் முன்பே உரிமம் பெற்ற லாரியை வைத்துக் காலி செய்யச் சொல்லி லாட்ஜ்களுக்கு நோட்டீஸ் கொடுங்கள். கூட்டம் நிரம்பி வழியும் ஞாயிற்றுக்கிழமை இரவில்தான் “ஒரு ஆளை எறக்கி விடுங்க” என்ற பேச்சு எழும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) தாண்டினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். “வாடை இல்ல, எறங்கலாம்” என்பது உயிரைக் குடிக்கும் முடிவு. 500 பிபிஎம் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம். தீக்குச்சி பற்றவைத்துப் பார்ப்பதும் ஆகாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடு இருப்பதை அந்தச் சுடர் காட்டாது.

விதிவிலக்காக இறங்கியே ஆக வேண்டிய பொறியியல் பணிக்கு அதிகாரியின் எழுத்து அனுமதி, முன்னும் பின்னும் உள்ள மூடிகளைத் திறந்து ஊதுகுழல் மூலம் காற்றோட்டம், நான்கு வாயு அளவி, முக்காலியும் உடற்கச்சையும், மேலே இருவர் எல்லாம் இருந்தாக வேண்டும். அளவியில் ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள், ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்முக்குக் கீழ், எரியக்கூடிய வாயு அது வெடிக்கத் தொடங்கும் குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். கயிற்றில் கட்டி இறக்கி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பவர் சாய்ந்தால் மேலே நிற்பவர் குதிக்கக் கூடாது. கச்சையோடு இழுக்க வேண்டும், 101, 108 அழைக்க வேண்டும். இத்தகைய விபத்துகளில் இரண்டாவது, மூன்றாவது உடல் காப்பாற்றப் போனவருடையதாக இருப்பது அப்படிக் குதிப்பதால்தான்.

திறந்த ஓடையிலும் மழைநாளில் இதே கண்டிப்பு வேண்டும். 2024 ஜூலையில் திருவனந்தபுரம் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தற்காலிகப் பணியாளர் திடீரென ஏறிய தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். நம் பக்க ஓடைகளும் மலையிலிருந்து வருபவை. ஊரில் வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்தால் தண்ணீர் ஏறும். மலை முகட்டில் கருமேகம் கூடினாலோ, தண்ணீர் கலங்கினாலோ, சருகு மிதந்து வரத் தொடங்கினாலோ எல்லாரும் உடனே கரையேற வேண்டும். ஓடையின் மூடிய பகுதிக்குள், கல்வெர்ட்டுக்கு அடியில், எந்தப் பருவத்திலும் ஆள் நுழையக் கூடாது. தூர்வாரும் வேலையை மே மாதத்துக்குள் பொக்லைன் வைத்து முடித்தால் ஜூனில் இந்தக் கேள்வியே எழாது.

சேற்றில் வெறுங்காலோடு நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பு அதிகம். மழைக்காலத்தில் அதைத் தடுக்க வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் மருந்து கொடுப்பது குறித்து நகர்நல மையத்தின் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்; கர்ப்பிணிகளுக்கு ஆகாது. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் என்ன வேலை செய்பவர் என்று மருத்துவரிடம் சொல்லப் பழக்குங்கள்.

தெருவிளக்கு

லைன் கிளியர், அதாவது மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற மின்வாரிய அனுமதி, இல்லாமல் மின்வாரியக் கம்பத்தில் ஏறக் கூடாது. போனில் “ஆஃப் பண்ணிட்டோம்ணே” என்றால் லைன் கிளியர் ஆகாது. எழுத்தில், நேரத்தோடு, திருப்பிக் கொடுக்கும் கையெழுத்தோடு இருக்க வேண்டும். தெருவிளக்குப் பெட்டியில் சுவிட்சை அணைத்து, பீஸ் (ஃபியூஸ்) கேரியரைக் கழற்றி, ஏறுபவர் தம் பையிலேயே வைத்துக்கொண்டு பெட்டியைப் பூட்ட வேண்டும். டெஸ்டரில் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பாமல், கம்பியைத் தரையோடு இணைக்கும் டிஸ்சார்ஜ் ராடு போட வேண்டும். கடைகளின் ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் மின்சாரம் தவறான இணைப்பு வழியாகக் கம்பிக்குத் திரும்பி வருவது உண்டு.

அலுமினிய ஏணி வேண்டாம். மூங்கில் அல்லது ஃபைபர். நான்கடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் அடியை வெளியே தள்ளிச் சாய்க்க வேண்டும், கீழே ஒருவர் பிடிக்க வேண்டும். ஆடிக்காற்று அடிக்கும்போதும் சாரல் விழும்போதும் ஏணி வேலை கிடையாது. இருட்டாக இருக்கிறதே என்று தெருக்காரர்கள் திட்டுவார்கள்தான். சீசனுக்கு முன்பே பல்புகளை மாற்றி வைப்பதே அதற்குப் பதில்.

ஷாக் அடித்தவரைக் கையால் தொடாமல் மின்சாரத்தை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த கம்பால் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு அங்குல ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்துங்கள்.

குளோரின், பிளீச்சிங், கொசு மருந்து

குடிநீரைச் சுத்திகரிக்க உருளைகளில் வரும் குளோரின் வாயு காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனம், தரையோடு பரவும். கசிந்தால் காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகி மேட்டுக்கு ஓட வேண்டும். உருளை மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. அரிப்பு கூடி ஓட்டை பெரிதாகும். கசிவு இருக்கும் இடத்தை அம்மோனியாக் கரைசல் நனைத்த பஞ்சு வெண்புகையாகக் காட்டும். அறையின் காற்றுப்போக்கி விசிறி தரை மட்டத்திலும், அதன் சுவிட்ச் அறைக்கு வெளியிலும் இருக்க வேண்டும். துணி முகக்கவசமும் என்95-உம் வாயுவைத் தடுக்காது.

பேருந்து நிலையக் கழிப்பறைகளில் சீசன் நேரத்தில் நடக்கும் தவறு ஒன்று: பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்திலேயே ஆசிட் ஊற்றுவது. இரண்டும் சேர்ந்தால் அந்தச் சின்ன அறைக்குள் குளோரின் கிளம்பும். இரண்டையும் ஒரே வாளியில், ஒரே அலமாரியில், ஒரே ஷிஃப்டில் கொடுக்காதீர்கள். பெயர் எழுதாத பழைய தண்ணீர் பாட்டிலில் ஆசிட் ஊற்றி வைப்பதை அடியோடு நிறுத்துங்கள்.

மேல்நிலைத் தொட்டி கழுவுவதும் மூடிய இடத்து வேலைதான். உள்ளே பிளீச்சிங் நெடி, மேலே துருப்பிடித்த படி. ஏறும் முன் ஒவ்வொரு படியையும் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே கொண்டுபோகும் விளக்கு 24 வோல்ட்டாக இருக்க வேண்டும்.

புகை இயந்திரத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதோ சூடாக இருக்கும்போதோ எரிபொருள் ஊற்றக் கூடாது. காற்று முதுகுப் பக்கம் இருக்க, பின்னோக்கி நடந்தபடி அடிக்க வேண்டும்.

குழாய்க்குப் பள்ளம் தோண்டினால் 1.5 மீட்டர் ஆழத்துக்கு மேல் பக்கப்பலகை இல்லாமல் இறங்கக் கூடாது. தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்காதீர்கள். நனைந்த செம்மண் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சரியும்.

சாலை, வெயில், தீ

புளியரை சாலையில் கார்த்திகை விடியற்காலையில் பெருக்குபவருக்கு எதிரி தூக்கக் கலக்கத்தில் ஓட்டி வருபவர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். அதனால் வேலை நடக்கும் இடத்துக்கு 50 மீட்டர் முன்பே கூம்பு வைக்க வேண்டும். வண்டி வரும் திசையைப் பார்த்துப் பெருக்க வேண்டும். நெடுஞ்சாலைப் பகுதியை வெளிச்சம் வந்த பிறகும், உள்தெருக்களை முதலிலும் வைத்துக்கொண்டால் பாதி ஆபத்து செலவில்லாமல் குறையும்.

கோடையில் குப்பைக்கிடங்கு உள்ளுக்குள் கனன்று எரியும்; 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் பிடித்த தீ பல நாள் அணையவில்லை. மேலே சாம்பல் மூடியிருக்கும், அடியில் பொந்து இருக்கும், கால் வைத்தால் உள்ளே போகும். பணியாளரை மேலே ஏற்றாமல் பொக்லைன் வைத்து மண் மூடுங்கள். 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் பளு வேலை வேண்டாம். தண்ணீர் வண்டியிலேயே இருக்கட்டும்.

உபகரணம் வாங்கும்போது

ஒரே அளவில் வாங்கினால் அணிய மாட்டார்கள். பெண் பணியாளர்கள் பெரும்பான்மையாக உள்ள இடத்தில் பெரிய அளவுக் கையுறையும் 9 ஆம் நம்பர் கம்பூட்டும் குப்பைதான். கால் அளவு, கை அளவு எடுத்த பட்டியலோடு டெண்டர் விடுங்கள். குப்பை எடுக்க நைட்ரைல் பூச்சுள்ள, வெட்டும் குத்தும் தாங்கும் கையுறை. மெல்லிய ரப்பர் கையுறை ஊசியைத் தடுக்காது. மழைக்கு மேல்சட்டையும் கால்சட்டையுமாக வரும் கோட்டு. தொங்கும் போன்ச்சோ டிப்பர் கொக்கியில் மாட்டும். வாங்கும் முன் ஐந்து பேரிடம் ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள். கிழிந்ததைக் கொடுத்தால் அன்றே புதியது தர வேண்டும். ஆறு மாதம் ஆகட்டும் என்றால் கிழிசலோடுதான் வேலை செய்வார்கள். கழற்றி வைக்கவும் கைகால் கழுவவும் மஸ்டர் இடத்தில் தண்ணீரும் அலமாரியும் இல்லையென்றால் ஈரக் கம்பூட்டை மறுநாள் யாரும் போட மாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்

தூய்மைப் பணியில் பெரும்பகுதி ஒப்பந்ததாரரிடம் போய்விட்ட ஊர்களில் மேலே சொன்னதெல்லாம் ஒப்பந்தப் பத்திரத்தில் ஏறாவிட்டால் செல்லாது. இஎஸ்ஐ எண் இல்லாத ஆளை மஸ்டரில் ஏற்றக் கூடாது என்று எழுதுங்கள். விபத்துக்குப் பிறகு எண் தேடுவதுதான் குடும்பங்களை அலைக்கழிக்கிறது. தடுப்பூசி, பயிற்சி, அளவெடுத்த உபகரணம் யார் செலவு என்று தனித்தனி வரியாக எழுதுங்கள்; “உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்பட வேண்டும்” என்ற பொத்தாம்பொதுவான வரியை வைத்துக்கொண்டு யாரையும் கேட்க முடியாது. காயத்தை 24 மணி நேரத்துக்குள் நகராட்சிக்கு எழுத்தில் சொல்லாத ஒப்பந்ததாரருக்கு மாதப் பட்டியலில் பிடித்தம் வையுங்கள். சொன்னதற்காகப் பிடித்தம் வைத்துவிடாதீர்கள். காயமே வெளியே வராது. மழையாலோ, காற்றாலோ, வாயுவாலோ, மருத்துவக் கழிவாலோ மேஸ்திரி வேலையை நிறுத்திய மணிநேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது, அந்த நாளின் வேலை அளவு குறைந்ததற்கு ஒப்பந்ததாரருக்கு அபராதமும் கிடையாது என்று இரண்டு வரி சேருங்கள். அந்த இரண்டு வரியையும் மஸ்டர் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள், கீழே ஆணையர் கையெழுத்தோடு.